திரும்பி வந்த அப்பா பொம்மை

டாக்டரம்மா கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்து வேலை மேஜைமேல் வைத்தார். "இவர மட்டும் மாத்திக் குடுத்துடுங்க. இவரோட என்னால மாரடிக்க முடியல" என்றார்.

பிரித்துப் பார்த்தால் உள்ளே அப்பா. ஆள்காட்டி விரல் உயரம், சுட்ட மண், அரைக்கைச் சட்டை, கால்சட்டை. மூன்று மாதத்துக்கு முன்னால் பொம்மைக்காரி செய்து கொடுத்த இருபத்திரண்டு பொம்மைகளில் ஒருவர். உடைந்துவிட்டாரோ என்று அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

"நல்லாத்தானே இருக்காரு, டாக்டர்?"

"பாக்க நல்லாத்தான் இருக்காரு. குழந்தைங்களுக்குத்தான் ஆகமாட்டேங்குது."

பொம்மைக்காரி என்பது அவள் பெயரில்லை. ஆனால் தபால்காரர் முதல் நாத்தனார் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

டாக்டரம்மா குழந்தைகளின் மனசுக்கு வைத்தியம் பார்ப்பவர். திடீரென்று பேச்சு நின்றுபோன குழந்தை, தூக்கத்தில் அலறும் குழந்தை, பள்ளிக்கூட வாசலைப் பார்த்ததும் வாந்தி எடுக்கும் குழந்தை என்று தினமும் யாராவது வருவார்கள். என்ன ஆச்சு என்று நேராகக் கேட்டால் எந்தக் குழந்தை வாயைத் திறக்கும்? அதனால் அவர் அறையில் ஒரு அகலமான மணல் தட்டு, பக்கத்தில் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் ஒரு அலமாரி. அலமாரியில் பொம்மைகள். "உங்க வீட்டை இதுல வெச்சுக் காட்டு" என்பார். குழந்தை ஒவ்வொரு பொம்மையாக எடுத்து மணலில் நிறுத்தும். யாரை யார் பக்கத்தில் நிறுத்துகிறது, யாரை மூலையில் தள்ளுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வார்.

அந்த வேலைக்குத்தான் இவளைத் தேடி வந்தார். தேடி வரக் காரணம் இருந்தது. விரல் உயரப் பொம்மைக்கு உயிர் கொடுப்பதில் இவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பஸ்ஸைத் தவறவிட்டவன் என்று ஒரு பொம்மை செய்திருந்தாள். பஸ் கிடையாது, சாலை கிடையாது, ஒரு பையும் ஒரு ஆளும் மட்டும். பார்த்தவர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் அவரவர் எதையோ தவறவிட்டது ஞாபகம் வந்து கம்மென்று நிற்பார்கள். இத்தனைக்கும் அவன் முகத்தில் ஒன்றுமே இருக்காது. அந்த அளவுப் பொம்மைக்கு முகம் என்பது ஒரு பட்டாணி. அதில் வாயைக் கோணலாக்கி, கண்ணீரை ஒட்டவைத்து என்ன பிரயோசனம்? ஓரடி தள்ளி நின்றால் எதுவும் தெரியாது. துக்கத்தைப் பிடரியில் வைக்க வேண்டும், கோபத்தை முழங்காலில். பொய் சொல்கிறவனுக்குக் கட்டைவிரல் போதும்.

அதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. யாரையும் எதிரே நிற்கவைத்துப் பார்த்துச் செய்ய மாட்டாள். முக்காலியிலிருந்து எழுந்து, செய்யப்போகும் ஆள் எப்படி நிற்பானோ அப்படித் தானே நிற்பாள். உடம்பின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது, எந்தத் தோள் வலிக்கிறது என்று கண்ணை மூடிக் கவனிப்பாள். பிறகு உட்கார்ந்து, தன் உடம்பில் பிடித்ததை மண்ணில் இறக்குவாள். ஜன்னல் வழியாகப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, இவளுக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்று இன்றைக்கும் நம்புகிறாள்.

ஆனால் டாக்டரம்மா கேட்டது நேரெதிர். "எந்த உணர்ச்சியும் இருக்கக் கூடாது. சிரிப்பு, அழுகை, கோபம் எதுவும் வேணாம். சும்மா நிக்கணும்."

"உப்பில்லாம சமைக்கச் சொல்றீங்க" என்று சிரித்தாள்.

"ஆமா. உப்பு அவங்கவங்க போட்டுக்குவாங்க."

சரியென்று ஒப்புக்கொண்டு, கண்ணுக்கு இரண்டு ஊசிப் புள்ளி, வாய் கிடையாது என்று இருபத்திரண்டையும் செய்து முடித்தாள். அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் துணிக்கடை வாசலில் நிற்கும் பொம்மை மாதிரி நின்றாள். அம்மாவுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை, எழுந்து சும்மா நின்றாள், அவ்வளவுதான்.

இப்போது அந்த அப்பா திரும்பி வந்திருக்கிறார்.

"பதினொரு குழந்தைங்க. அதுல எட்டுப் பேரு இவரத் தூக்கி ஓரமா வெச்சுட்டாங்க" என்றார் டாக்டரம்மா. "ஒண்ணு மணலுக்குள்ள புதைச்சுது. ஒண்ணு சுவத்தப் பாக்கத் திருப்பி வெச்சுது."

"அந்தக் குழந்தைங்க வீட்டுல ஏதாவது..."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அதுல ஒரு அப்பாவக் கூப்பிட்டு உக்காரவெச்சு, வீட்டுல என்ன நடக்குதுன்னு துருவித் துருவிக் கேட்டேன். அந்த மனுஷன் என் முன்னாடி கேவிக் கேவி அழுதாரு. வெளிய வந்தா அந்தப் பொண்ணு ஓடிப்போய் அவர் கழுத்தக் கட்டிக்குது." டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் தப்புப் பண்ணிட்டேன். இந்தப் பொம்மைல ஏதோ இருக்கு. என் கண்ணுக்குத் தெரியல, உங்களுக்குத் தெரியும். எடுத்துடுங்க."

அவர் போன பிறகு பொம்மைக்காரி வேறு வேலையைத் தொடவில்லை. ஒரு நல்ல மனிதரைத் தன் பொம்மை குற்றவாளியாக்கி அழவைத்திருக்கிறது. அப்பாவை மேஜை நடுவில் நிறுத்தி ஆராய ஆரம்பித்தாள். கண்ணாடியில் காட்டிப் பார்த்தாள். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். விளக்கைப் பின்னால் வைத்து நிழலைச் சுவரில் விழவிட்டாள். கண்ணை மூடி விரலால் தடவினாள். மனிதர் துணிக்கடை பொம்மை மாதிரி தேமே என்று நின்றார்.

அப்போது ஒரு சந்தேகம் வந்தது. வந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. தன்னை அறியாமல் தன் வீட்டுக்காரரை இதற்குள் நுழைத்துவிட்டோமோ?

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். சின்ன எழுத்து தெரியாமல் தடுமாறும் கிழவர்களிடம் நாள் முழுக்கப் பொறுமையாக, "இது தெரியுதா ஐயா? இப்ப?" என்று கேட்பார். குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, கை நீட்டியதில்லை, குரலை உயர்த்தியதுகூட இல்லை. ஏதாவது பிடிக்காமல் போனால் பேச்சை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். மூன்று நாள், ஐந்து நாள், ஒருமுறை பதினோரு நாள். சாப்பிடுவார், குளிப்பார், கடைக்குப் போவார், வருவார். எது பிடிக்காமல் போனது என்பதை மட்டும் சொல்ல மாட்டார். அதைக் கண்டுபிடிப்பது வீட்டிலிருப்பவர்கள் பொறுப்பு. மாலையில் வந்ததும் வேலையறை வாசலில் அரை நிமிடம் நின்று பார்ப்பார். பிறகு உள்ளே போய்விடுவார். அந்த அரை நிமிடத்தில் அவள் அன்றைக்குக் காலையிலிருந்து செய்தது, சொன்னது எல்லாவற்றையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுவாள். பிறகு டீ போட்டு எடுத்துக்கொண்டு பின்னாலேயே போவாள். கையை ஓங்காத புருஷன்மேல் என்னவென்று குறை சொல்வது? யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

அவர்களுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மகள். சின்ன வயதில் வாயைத் திறந்தால் மூட மாட்டாள், அதனால் ரேடியோ என்று பெயர் வைத்தார்கள். பெயர் நின்றுவிட்டது. ஆனால் இரண்டு வருஷமாக ரேடியோ பாடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் பேசுகிறாளாம், வகுப்பே சிரிக்கிறதாம், டீச்சர் சொன்னார். வீட்டுப் படியேறியதும் செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றுவாள். வளர்ற வயசு, அடக்கம் வந்துவிட்டது என்று அம்மாவும் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

பொம்மையை அவரோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். இல்லை. அவருக்குத் தொப்பை உண்டு, கதவு நிலையில் சாய்ந்து நிற்பார். இந்த அப்பாவுக்கு அவர் ஜாடை ஒரு துளியும் இல்லை. அப்பாடா என்றிருந்தது. வீண் பழி போட இருந்தோமே என்று மனசுக்குள் அவரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

புதிதாக ஒரு அப்பாவைச் செய்தாள். தோளைத் தளர்த்தினாள், உள்ளங்கையைக் கொஞ்சம் முன்பக்கம் காட்டவைத்தாள். சூளையில் சுட்டு, ஆறவைத்து, கொண்டுபோய்க் கொடுத்தாள். இவ்வளவு அப்பாவியான அப்பாவை இனி யாராலும் புதைக்க முடியாது என்று நினைத்தாள்.

பத்தே நாளில் டாக்டரம்மா போன் செய்தார். "இவரையும் புதைச்சுட்டாங்க."

மறுநாள் குழந்தைகள் யாரும் இல்லாத மத்தியான நேரத்தில் அவளே அங்கே போனாள். அலமாரியில் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். தாத்தா, போலீஸ்காரர், டீச்சர், நாய், குழந்தைகள். அவள் நின்றபடி பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. பிறகு முட்டி போட்டு, குழந்தையின் கண் உயரத்துக்கு இறங்கினாள்.

"குழந்தைங்க எப்படி வெப்பாங்களோ அப்படி வெச்சுக் காட்டுங்க, டாக்டர்."

"முதல்ல அம்மாதான். எல்லாக் குழந்தையும் அம்மாவத்தான் முதல்ல வைக்கும்." டாக்டரம்மா அம்மாவை மணலின் நடுவில் நிறுத்தினார். "அடுத்து, பக்கத்துல அப்பா." புது அப்பாவை நிறுத்தினார்.

பொம்மைக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்ற அந்தச் சாது, மணலில் வைத்த மாத்திரத்தில் வேறு ஆளாகிவிட்டார். அந்தக் கைகள் இப்போதுதான் எதையோ முடித்துவிட்டு வந்த கைகள் போல இருந்தன.

"அவர எடுங்க. வேற யாரையாவது வைங்க."

டாக்டரம்மா போலீஸ்காரரை வைத்தார். அவர் கைது பண்ண வந்தவர் போல நின்றார். டீச்சரை வைத்தார். டீச்சர் என்னவோ தப்பைக் கண்டுபிடித்துவிட்டார். கடைசியில், வாலை ஆட்டிக்கொண்டிருக்கும் கட்டைவிரல் அளவு நாயை எடுத்து அம்மாவின் பக்கத்தில் வைத்தார். சத்தியமாக அது கடிக்கிற நாய்தான்.

"அடக் கடவுளே" என்றார் டாக்டரம்மா மெதுவாக. "தப்பு இவங்ககிட்ட இல்ல."

அம்மாவிடம் இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, இடது தோள் ஒரு அரிசி கனம் மேலே ஏறியிருந்தது. பாரம் முழுக்கப் பின்னால் வைத்த காலில். கழுத்து ஒரு இழை திரும்பி, கதவுச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தது. தனியாகப் பார்த்தால் சும்மா நிற்கிற ஒரு பெண். பக்கத்தில் யாரை நிறுத்தினாலும், அவரிடமிருந்து எந்த நிமிடமும் விலகத் தயாராக நிற்கிற பெண். குழந்தைகள் அப்பாவைப் பார்த்துப் பயப்படவில்லை, அம்மாவைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள்.

"யாரப் பாத்து செஞ்சீங்க இவங்கள?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"யாரையும் பாக்கல" என்றாள். அது பொய்யில்லை. அம்மாவை ஒரு காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, சனிக்கிழமைக்குள் வேறு தருவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். டாக்டரம்மா வாசல்வரை கூடவே வந்தார். அவள் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டு விட்டார்.

அன்றைக்கு வீட்டில் பேச்சு நின்று நாலாவது நாள்.

வந்ததும் ஈரத்துணியை விலக்கி மண்ணைப் பிசைந்தாள். சாதாரணமாக நிற்கும் ஒரு பெண். உலகத்தில் கோடிப் பெண்கள் நிற்கிறார்கள், இதில் என்ன பெரிய வித்தை? எழுந்து நின்று, கண்ணை மூடிக் கவனித்து, உட்கார்ந்து செய்தாள். முடித்துப் பார்த்தால் தோள் ஏறியிருந்தது. நசுக்கினாள். இரண்டாவதற்குத் தோளை வேண்டுமென்றே இறக்கினாள். அது அடி வாங்கியவள் போல வந்தது. மூன்றாவது நிமிர்ந்து நின்றது, ஆனால் சண்டைக்கு நின்றது. நாலாவதும் ஐந்தாவதும் மறுபடி கதவைக் கேட்டுக்கொண்டு நின்றன. பஸ்ஸைத் தவறவிட்டவனை ஒரே மூச்சில் செய்தவளுக்கு, சும்மா நிற்கிற ஒருத்தியைச் செய்ய வரவில்லை. மண் கையில் ஒட்டிக் காய்ந்து வெடித்தது. அழுகை வந்தது, யாரும் இல்லாததால் கொஞ்சம் அழுதாள்.

நாலரை மணிக்கு ரேடியோ பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். செருப்பு கழற்றும் சத்தம் கேட்கவில்லை, ஆள் வந்து நின்றதுதான் தெரிந்தது.

"என்னம்மா கண்ணு செவந்திருக்கு?"

"மண்ணு பட்டுடுச்சு. இங்க வா, ஒரு உதவி பண்ணு. அந்த ஜன்னல் பக்கத்துல நில்லு, உன்னப் பாத்து செய்யறேன்."

ரேடியோவுக்கு ஆச்சரியம். "நீதான் யாரையும் பாத்து செய்ய மாட்டியே?"

"இன்னைக்கு செய்யறேன். சும்மா சாதாரணமா நில்லு."

ரேடியோ பையைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். பொம்மைக்காரி மண் உருண்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

இடது தோள் ஏறியிருந்தது. பாரம் பின்னால் வைத்த காலில். கழுத்து லேசாகத் திரும்பி, வாசல் பக்கம்.

"சாதாரணமா நில்லுடி."

"சாதாரணமாத்தான் நிக்கறேன்."

ஆமாம், அவள் சாதாரணமாகத்தான் நின்றாள். வீட்டில் நிற்பது என்றால் அவளுக்கு அதுதான். யார் சொல்லிக்கொடுத்தது? அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் வாசலில் நின்ற ஒவ்வொரு சாயங்காலமும் அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்திருக்கிறாள். எதற்குப் பயப்பட வேண்டும், எவ்வளவு பயப்பட வேண்டும், எந்தத் தோளால் பயப்பட வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் படித்திருக்கிறாள். பொம்மைக்காரிக்குப் புருஷன்மேல் வந்த கோபம் பாதி வழியில் திரும்பித் தன்மேலேயே விழுந்தது. இருபத்திரண்டு மண் பொம்மைகளைச் செய்ததாக எண்ணிக்கொண்டிருந்தாள், இருபத்துமூன்றாவது ஒன்றையும் செய்திருக்கிறாள். அது ஜன்னல் பக்கத்தில் நிற்கிறது. இது இன்னும் சூளைக்குப் போகவில்லை, இன்னும் ஈரம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே அது உண்மையாக இருக்க வேண்டுமே என்று பயந்தாள்.

"கை வலிக்குதும்மா, எவ்வளவு நேரம்?" என்றாள் ரேடியோ. கையை அவள் தூக்கவே இல்லை, ஏறியிருந்த தோள்தான் வலித்திருக்கும்.

"இதோ ஆச்சு" என்றாள். ஒரு கிள்ளு மண்கூட எடுக்கவில்லை.

ஆறு மணிக்குச் சாவி திரும்பியது. ரேடியோ மேஜை ஓரத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள், பேனா நின்றுவிட்டது. அவர் வேலையறை வாசலுக்கு வந்தார். நிலையில் சாய்ந்து, வழக்கமான அரை நிமிடம்.

பொம்மைக்காரியின் தலைக்குள் காலை முதலான கணக்கு தானாகவே ஓட ஆரம்பித்தது. சட்டை, டீ, அவர் அக்காவின் போன். ஓடட்டும் என்று விட்டுவிட்டு முக்காலியைத் தள்ளி எழுந்தாள். பொம்மைக்கு நிற்பது போலத்தான் நின்றாள். இடது காலை முன்னே கொண்டுவந்தாள். பாரத்தை இரண்டிலும் இறக்கினாள். தோள் கீழே வர மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினாள்.

"ஏங்க, நாலு நாளா ஏன் பேசாம இருக்கீங்க?"

பதினாலு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. அவர் சுவர் பேசியது போலப் பார்த்தார். பிறகு, கடையில் கிழவர்களிடம் பேசும் அதே மெல்லிய குரலில், "நான் உன்ன ஏதாவது சொன்னேனா?" என்றார்.

"சொல்லலங்க. அதத்தான் கேக்கறேன்."

அவர் மகளைப் பார்த்தார். மகள் அவரைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறந்தார். ஏதோ வரப்போவது போலத்தான் இருந்தது. அப்புறம் திரும்பி உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எப்போதும் போலச் சத்தமே இல்லாமல் சாத்தினார். அது ஐந்தாம் நாளாகுமா, பன்னிரண்டாம் நாளாகுமா, அவளுக்குத் தெரியாது.

அடுப்பைப் பற்றவைத்து டீ போட வேண்டிய நேரம். அவள் போகவில்லை. மேஜையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, பிடித்துக்கொள்ளவும் இல்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அம்மா" என்றாள் ரேடியோ, தாழ்ந்த குரலில். "உன் காலு நடுங்குது."

"நடுங்கட்டும்டி. ரெண்டும் தரையிலதானே இருக்கு?"

ரேடியோ குனிந்து, மேஜைக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். "இருக்கும்மா" என்றாள், கொஞ்சம் சத்தமாகவே.